இரண்டு தோல் தடுப்புகள்

முதலில் அந்தச் சேணத்தை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஐயா. வெயில் பட்டால் தோல் வெடித்துவிடும். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

அர்ஜென்டினாவின் இந்தக் கோர்தோபாவுக்கு வெளியே இருக்கும் எங்கள் குதிரைக் கிளப்பில் இருபத்திரண்டு வருஷமாகச் சேண அறை என் பொறுப்பு. எந்தக் குதிரைக்கு எது பொருந்தும் என்பதை ரமோனாதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தாண்டும் போட்டிக்கென்றால் சேணத்தின் மடிப்பு முன்பக்கம் சரிந்திருக்க வேண்டும், முழங்கால் பதிந்து நிற்க. வாய் மென்மையான குதிரைக்கு முரட்டு இரும்பு ஆகாது. எங்கள் சவாரிக்காரி மைதேயின் சோர்சால் தங்கமான குதிரை, ஆனால் தலையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அதனால் அதற்கு மார்வார்.

மார்வார் என்பது வயிற்றுப் பட்டையிலிருந்து நெஞ்சு வழியாக வந்து இரண்டாகப் பிரிவது. நுனியில் இரண்டு வளையங்கள். கடிவாள வார்கள் அவற்றுக்குள் ஓடும். வளையம் வாய்ப்பக்கம் நழுவி அங்குள்ள பக்கிளில் சிக்கிவிடாதபடி, வாருக்கு ஒன்றாகக் கட்டைவிரல் அளவில் ஒரு தோல் தடுப்பு கோத்திருப்போம். சிக்கினால் குதிரையின் தலை கட்டுண்டுவிடும். தாண்ட வேண்டிய கம்பியை அதனால் பார்க்க முடியாது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியன்று ஏறுகிறவர் சேணத்தையோ வாரையோ தொட்டுப் பார்க்கக் கூடாது, தொட்டால் தாண்டும்போது கம்பி விழும் என்பார்கள். நான் மாட்டி முடித்து, குதிரையின் நெற்றியில் சிலுவை போடும்வரை முதுகைக் காட்டி நிற்பார்கள். மைதே பன்னிரண்டு வயதில் வந்தவள். பதினான்கு வருஷம் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். பெற்றவர்கள் ஸ்பெயினில். அவளுக்குத் தலைவாரியதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததும் நான்.

ஏப்ரலில் பெல்ஜியத்திலிருந்து ஒரு லாயக்காரர் வந்து பார்த்தார். அடுத்த சனிக்கிழமைப் போட்டியில் ஜெயித்தால் குதிரையோடு அவளையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவள் நிச்சயம் ஜெயிப்பாள், எனக்குத் தெரியும்.

"ரமோனாக்கா, மூஞ்சிய ஏன் இப்படி உம்முனு வச்சிருக்க? ரெண்டு கிலோ மாத்தே டீ இலை கட்டி வச்சிட்டேன், அங்க போயும் உன்ன நெனச்சுக்கிட்டுதான் குடிப்பேன்," என்றாள்.

"அங்க யாருடி உனக்கு வார் மாட்டுவா?"

"அதுக்கெல்லாம் ஆளு இருக்காங்களாம்க்கா. உன்ன மாதிரி பாசமா மாட்ட மாட்டாங்க. ஆனா மாட்டிடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு சின்ன விழுகை போதும் என்று நினைத்தேன். தோள் எலும்பு முறிந்தால் ஆறு மாதம் இங்கேயே இருப்பாள், லாயக்காரரும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய மார்வார் ஒன்று இருந்தது, வளையம் சிறியது, பக்கிளுக்கு மேல் ஏறினால் திரும்பி இறங்காது. அறையில் ஆணியில் மாட்டி இருபது தடவை இழுத்துப் பார்த்தேன். பதினான்கு தடவை சிக்கியது. மீதி ஆறை ஆண்டவனிடம் விட்டேன். நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை தடுப்புகள் இரண்டையும் கழற்றிவிட்டு மாட்டினேன். மைதே முதுகைக் காட்டி நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பந்தய வாசலில் சோதனை பார்க்கும் கிழவர் எவாரிஸ்தோ வாய் இரும்பை மட்டும் பார்த்தார்.

"ரமோனா கட்டுனதா? அப்ப நான் என்னத்தப் பாக்குறது, போ போ," என்றார்.

அவர்மேல் வழக்குப் போடாதீர்கள். அவர் நம்பியதில் தப்பில்லை.

நான்கு கம்பிகளைச் சுத்தமாகத் தாண்டினார்கள். ஐந்தாவதற்குத் திரும்பும்போது சோர்சால் தலையை ஆட்டியது, இடது வளையம் ஏறிவிட்டது. வேலியோரத்திலிருந்து எனக்கு அது தெரிந்தது. கத்தியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். போட்டி நடக்கும்போது கத்துவது எங்களிடம் மரியாதை இல்லை.

குதிரை நெஞ்சால் கம்பியில் மோதி அவள்மேல் விழுந்தது. தோள் உடைந்த சோர்சாலை அங்கேயே ஊசி போட்டு முடித்தார்கள். அதற்காக அழுதேன். மைதேவுக்காக அழவில்லை, அவள்தான் உயிரோடு இருக்கிறாளே. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "வார் கீர் ஏதாச்சும் அறுந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு. நீ திருப்புனதுதான் கொஞ்சம் பிசகிப்போச்சு."

"என் தப்புதானா? சோர்சாலக் கொன்னுட்டேனாக்கா?" என்று தேம்பினாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை வராது. நான் துடைத்துவிட்டு, "போனது போகட்டும், நான் உன்மேல கோவப்படல" என்றேன். அவளை மன்னித்துவிட்டேன், ஐயா.

அந்தத் தடுப்புகள் என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன, இதோ. நல்ல தோல், எறிய மனம் வரவில்லை. பெல்ஜியக்காரர் திரும்பி வரவே இல்லை, பூகூட அனுப்பவில்லை. அவர் பாசம் அவ்வளவுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். நான்கு மணிக்கு அவளுக்குப் பூசணி சூப் கொடுக்க வேண்டும், நான் ஊட்டினால்தான் இறங்கும். நான் போகாவிட்டால் தேடுவாள். பாவம், எழுந்து வந்து தேடவும் அவளால் முடியாது.