பின்கதவில் ஒரு நீலக் கீறல்

— மூச்சு விடாதீங்க அண்ணே. விட்டீங்கன்னா சைடு மிரர் பறந்துடும். போன வாரம் ஒரு தும்மல் போட்டேன், மிரர் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் காபியில விழுந்துச்சு.

— பக்கத்து வீடு எவ்வளவு தூரம் சின்னவரே?

— நடுவுல ஒரு தெரு இருக்கு. அதை விடுங்க. வண்டி எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க.

— இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். மேஜையை ஜன்னல்கிட்ட நகர்த்துங்க. மெதுவா, ஒரு கால் ஆடும், அட்டை மடிச்சு வச்சிருக்கேன். ம். இது நம்ம வண்டிதானா?

— நம்ம வண்டியேதான். இருபத்தி நாலுல ஒரு பங்கு. அத்தானுக்கு நீங்க பதினோரு வருஷம் ஓட்டின வண்டியை உள்ளங்கையில கொண்டு வந்திருக்கேன். ரிட்டயர் ஆன மறுநாளே உக்காந்தேன், ரெண்டு வருஷம் ஆச்சு. பெயிண்ட் மட்டும் நூத்தி எழுபது கோட்டு.

— நூத்தி எழுபது கோட்டு அடிச்சா வண்டி பூசணிக்காயா உருண்டிருக்கும்.

— சரி, ஏழு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுல கைரேகையே அழிஞ்சு போச்சு. பேங்குல என்னை நான்னு ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

— அக்கா வீட்டுல தங்கிப் படிச்ச காலத்துலயும் இதே வாய்தான் உங்களுக்கு. ஸ்டீயரிங்ல கறுப்புக் கயிறுகூடச் சுத்தியிருக்கீங்களே.

— நீங்க சுத்தினதுதானே. தையல் நூலை மெழுகுல இழுத்து, முப்பத்தாறு சுத்து. எண்ணிக்கை தப்பிடும், மூணு நாள் என்கூடப் பேசாதேன்னு வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷக் கல்யாணத்துல அவ அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல.

— பம்பர்ல இந்தத் துரு?

— நிஜத் துரு. பழைய பூட்டைச் சுரண்டி, துணியில சலிச்சு, பசை மேல தூவினது.

— நல்லா வந்திருக்கு. கண்ணாடி ஓரத்துலதான் வெள்ளையா பூத்திருக்கு.

— பசையோட ஆவி படிஞ்சிடுச்சு. அது ஒண்ணைத் தவிர ஒரு குத்தம் சொல்லுங்க பார்ப்போம்.

— ஒண்ணு இருக்கு. டிரைவர் சீட்டுல மெத்தை இல்ல.

— எந்த மெத்தை?

— சின்ன மெத்தை. சிவப்புல வெள்ளைப் புள்ளி. சும்மா இருக்கிறப்போ சீட்டுக்கு அடியில கிடக்கும்.

— நீங்க ஆறடி. எழுந்து நின்னா ஃபேன் நின்னுடும். உங்களுக்கு எதுக்கு அண்ணே மெத்தை?

— இருந்துச்சு. அது கிடக்கட்டும். யாருக்கு இது?

— அக்காவுக்கு. அடுத்த வாரம் எழுபது முடியுது. அந்த வண்டி மேல அவளுக்கு உசிரு. அத்தான் அதை வித்த அன்னிக்குச் சாப்பிடல. ஆனா ஒரு நாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல, பயந்தாங்கொள்ளி. இப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா காலையிலேயே செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பா, யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்களான்னு.

— பயந்தாங்கொள்ளின்னு யார் சொன்னா?

— அத்தான்தான் சொல்வார். சாகிற வரைக்கும் சொன்னார்.

— பெரியவர் போயிட்டாரா? எப்போ?

— நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னா அக்கா. எனக்குத்தான் உங்க முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்ல. விலாசம் கிடைக்கலைன்னு பொய் சொல்லிட்டேன்.

— விலாசம் எங்க மாறுச்சு? நாப்பது வருஷமா இதே ரெண்டு ரூம்தான். வேலையை விட்டு அனுப்பின டிரைவரை வேற யாரு வச்சுக்குவா? ஒரு குடோன்ல கேட் வேலை கிடைச்சுது. இருபத்தாறு வருஷம் அடுத்தவன் வண்டிக்குக் கதவைத் திறந்து விட்டேன். சலாம் போட்டுப் போட்டே இந்தத் தோள்பட்டை போச்சு. அது கிடக்கட்டும். விளக்கைப் போடுங்க, வண்டியை அந்தப் பக்கம் திருப்பறேன்.

— அந்தப் பக்கத்தைக் காட்டத்தான் அண்ணே வந்தேன்.

— இடது பின்கதவு. அந்த நசுங்கலைக்கூட விடலையா நீங்க?

— பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி, ஸ்பூன் முதுகால அழுத்தினது. நாப்பது கதவு பாழாச்சு. இல்ல, மூணு.

— உள்ளே நீலமா ஒரு கீறல் இருக்கு.

— ஆமா. மூணே மூணு முடி இருக்கிற பிரஷ்ஷால போட்டது.

— சின்னவரே, அந்த நீலத்தை அந்த வீட்டுல ஒருத்தரும் பார்க்கல. எனக்கு வேலை போன அன்னிக்கு, காலையில வந்ததும் முதல் வேலையா தின்னர் ஊத்தித் துடைச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் பெரியவர் இறங்கி வந்தாரு. உங்களுக்கு எப்படித் தெரியும், நீலம்னு?

— கொஞ்சம் தண்ணி இருக்குமா அண்ணே?

— உங்க கைகிட்டத்தான் இருக்கு. குடிச்சுட்டுச் சொல்லுங்க.

— நான்தான் இடிச்சேன். முந்தின நாள் ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு லீவு. மத்தியானம் எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. லைசென்ஸ் கிடையாது. ஐஸ் ஃபேக்டரி மைதானத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்னு எடுத்துட்டுப் போனேன். ஃபேக்டரி கேட்டுக்குப் புதுசா நீலம் அடிச்சிருந்தாங்க. திரும்பும்போது உரசிட்டேன். வண்டியை ஷெட்டுல விட்டுட்டு வந்து போர்த்திக்கிட்டுப் படுத்தவன்தான். மறுநாள் காலையில மாடியில நின்னு பார்க்கறேன், அத்தான் கத்தறார். நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தான் ஐயா இடிச்சுட்டேன்"னு சொல்றீங்க.

— இறங்கி வந்திருக்கலாம்.

— ஆறு படி இறங்கினேன். மொத்தம் பதினாறு. இதுல ஒண்ணுகூடக் கூட்டிச் சொல்லல அண்ணே. நீங்க சாவியை மேஜை மேல வச்ச சத்தம் கேட்டுச்சு. திரும்பி ஏறிட்டேன்.

— சரி, அது கிடக்கட்டும்.

— கிடக்கட்டும்னு விடாதீங்க. எனக்காகப் பழியைச் சுமந்தீங்க. பெத்த அப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான்னு நாப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். என் பசங்களுக்கு உங்க கதையைச் சொல்லித்தான் வளர்த்தேன். இடிச்சவன் மட்டும் யாரோ ஒருத்தன்னு மாத்திட்டேன். இந்தக் கதவைக்கூட வெறும் நசுங்கலோட விட்டிருக்கலாம், எவனுக்குத் தெரியப் போகுது? ஆனா வாய்க்குப் பொய் வர்ற மாதிரி கைக்கு வரல.

— உங்க அக்கா என்ன உயரம் இருப்பாங்க?

— அக்காவா? அஞ்சடிக்கு ஒரு விரல் கம்மி. எதுக்குக் கேக்கறீங்க?

— அந்த உயரத்துக்கு, ஸ்டீயரிங் பிடிச்சு உக்காந்தா ரோடு தெரியாது. அடியில ஒரு மெத்தை வேணும்.

— அண்ணே.

— மூணு மாசம் கத்துக்குடுத்தேன். பெரியவரை ஆபீஸ்ல இறக்கி விட்டுட்டு வருவேன், கடைக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்புவாங்க. அதே ஐஸ் ஃபேக்டரி மைதானம். பயந்தாங்கொள்ளியா அவங்க? ரிவர்ஸ்ல எட்டுப் போடுவாங்க. கியர் மாத்தினா பக்கத்துல இருக்கிற எனக்கே சத்தம் கேக்காது. லைசென்ஸை வாங்கிப் பெரியவர் கையில நீட்டணும்னு இருந்தாங்க. அதுக்கு முன்னாடி தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவாருன்னு பயம். அவங்களுக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான்.

— அப்போ காலையில நீலத்தைப் பார்த்ததும் நீங்க...

— எனக்குத் தெரியாத நீலமா அது? தினமும் பார்த்த ஃபேக்டரி கேட்டு. நான் இல்லாதப்போ தனியா எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். துடைச்சேன். மெத்தையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா அழுவாங்க, அழுதா ஒத்துக்குவாங்க.

— அவ எதை அண்ணே ஒத்துக்குவா? கத்துக்குடுத்தவரே இடிச்சுட்டாருன்னுதானே நினைச்சிருப்பா.

— இப்போதான் புரியுது. கத்துக்குடுத்தவனுக்கே இந்தக் கதின்னா நமக்கு எதுக்குன்னுதான் அவங்க அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்ல.

— எனக்காகச் செஞ்சீங்கன்னே இருந்துட்டேனே அண்ணே, இவ்வளவு நாளும்.

— உங்களுக்காகவா? நீங்கன்னு தெரிஞ்சிருந்தா, அந்தப் பதினாறு படியும் ஏறி வந்து போர்வையோட தூக்கிட்டுப் போய்ப் பெரியவர் முன்னாடி நிறுத்தியிருப்பேன். ரெண்டு அறையோட போயிருக்கும் சின்னவரே. உங்க அக்கா இன்னைக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருப்பாங்க.