அச்சில் வந்தால்தான் மனு

— பழைய பிரிண்டரோட வயரு இது, சார். இதுல இருபத்தஞ்சு முள்ளு இருக்கு. உங்க புதுக் கம்ப்யூட்டர்ல இருக்கறதெல்லாம் தீக்குச்சி நுழையற அளவு வாய். நானே ஒரு ஓட்டை போட்டாத்தான் உண்டு.

— ஓட்டையெல்லாம் வேண்டாம், மெக்கானிக். நீங்க ஓட்டை போடறதைத்தான் தினமும் விடியற்காலை அஞ்சு மணியிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேனே.

— கேக்குதா சார்? மாடி ரூம் கதவைச் சாத்திட்டுத்தானே பண்றேன்!

— கதவு பக்கவாட்டுல இருக்கு. என் தலை நேர் கீழே இருக்கு.

— அண்ணே, அவரு கெடக்காரு. இந்த ரெண்டும் ஒட்டுமா ஒட்டாதா, அதைச் சொல்லுங்க. காலையிலேருந்து சம்பந்தம் பேசற மாதிரி அங்கயும் இங்கயும் மாறி மாறிக் கெஞ்சிக்கிட்டு இருக்காரு.

— ஒட்டும் அக்கா, கவலையை விடுங்க. நடுவுல ஒரு தரகர் வேணும், அவ்வளவுதான். ஒரு பக்கம் பழைய வாய், இன்னொரு பக்கம் புது வாய் வெச்ச வயரு ஒண்ணு பட்டறை டப்பாவுல கிடக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.

— மெதுவா வாங்க, மெக்கானிக். அவசரமே இல்லை.

— ஏங்க, அவசரமே இல்லையா? ஆறு மணிக்குள்ள மனுவைச் செயலாளர் வக்கீலு கையில சேர்த்தாகணும்னு காலையிலேருந்து என் உசுரை வாங்கினது யாரு?

— மெதுவாப் பேசு! இன்னும் படியேறி முடிச்சிருக்கமாட்டாரு. உன்னை யாரு அவரைக் கூப்பிடச் சொன்னது? நாப்பது வீடு இருக்கற கட்டடத்துல வேற ஆளே கிடைக்கலையா?

— நாப்பது வீட்டுக்கும் ரிப்பேர் பாக்கறது அவரு ஒருத்தர்தானே. போன மாசம் நம்ம மிக்ஸியைச் சரி பண்ணிக் குடுத்தது யாரு?

— அதுக்காக? யார் மேல மனு எழுதியிருக்கேனோ, அவரையே கூப்பிட்டு, "மனுவை அச்சடிக்க ஒரு வழி பண்ணும் ஐயா"ன்னு நிக்கறது நல்லாவா இருக்கு?

— அப்போ தெருமுனைக் கடையில போய் அடிச்சிருக்கணும்.

— அந்தக் கடைக்காரன் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே அடிப்பான். தாள் வெளியே வர்றதுக்கு முன்னாடி செய்தி வெளியே வந்துடும்.

— கையால எழுதுங்க. உங்க எழுத்து முத்து முத்தாத்தானே இருக்கும்!

— கையால எழுதினதை நம்ம குடியிருப்போர் சங்கம் வாங்காது. மனு, பதில், ரசீது எதுவானாலும் அச்சில் மட்டுமேன்னு விதி இருக்கு.

— எந்த மகராசன் போட்ட விதி?

— நான்தான்.

— காதுல விழலை.

— நான்தான்னு சொன்னேன். நான் செயலாளரா இருந்தப்போ இதே மெக்கானிக், இந்தப் பிரிண்டர் போடற சத்தம் தாங்கலைன்னு ஒரு புகார் எழுதிக் கொண்டாந்தாரு. கோழி கிளறின மாதிரி எழுத்து. மறுநாளே தீர்மானம் போட்டேன். கட்டடத்துல அப்போ பிரிண்டர் வெச்சிருந்தது நாம மட்டும்தான்.

— அப்போ அந்த மனுஷன் புகாரை எப்படிக் குடுப்பாரு?

— குடுக்கலையே! மேற்படி விதியோட சிறப்பே அதுதான்.

— இன்னைக்கு அந்தச் சிறப்பு உங்க கழுத்தையே பிடிக்குது.

— பரிகாசம் போதும். நாளைக்குக் காலையில கமிட்டி கூடுது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள மனு போகலைன்னா சங்கத்தோட மாடி ரூம் இன்னும் ஒரு வருஷத்துக்கு அவரு பட்டறைக்குத்தான். இன்னும் ஒரு வருஷம் நான் அஞ்சு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிட்டு விட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். அவரு வயரை மாட்டினதும் டீயைக் குடுத்து அனுப்பிடு. அவரு படியேறினப்புறம் நான் அடிச்சுக்கறேன்.

— காலையில நம்ம பையன் போன்ல சொல்லச் சொல்ல, பிரிண்டர் பேரை உள்ள ஏத்திட்டு, பட்டனை அழுத்து அழுத்துன்னு அழுத்தினீங்களே! அதெல்லாம் எங்க போச்சு?

— வயரே இல்லாதப்போ எங்க போகும்? காத்துல போயிருக்கும்.

— பதினோரு தடவை. நான் எண்ணினேன்.

— எண்ணறதுக்கு வேற வேலையே இல்லையா உனக்கு? உஷ், வராரு.

— கிடைச்சுடுச்சு சார்! டப்பாவுல அடியிலேயே கிடந்துச்சு. இந்தா, இப்படி... டக்குன்னு உக்காந்துடுச்சு பாருங்க.

— மிக்க நன்றி, மெக்கானிக். டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.

— ஓடறதைக் கண்ணால பாக்காம போனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது சார்.

— உங்களுக்குத் தூக்கம் வராட்டி யாருக்கெல்லாம் வராதுன்னு எனக்குத் தெரியும்.

— ஹஹ! சார் எப்பவும் தமாஷ்தான். ரிப்பன் காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு எண்ணெய் விடறேன். ஆமா, நேத்து சங்கக் கூட்டத்துல உங்களைக் காணோமே?

— பதவியை விட்டு இறங்கினப்புறம் நான் அந்தப் பக்கமே போறதில்லை. நான் இல்லாம அங்க என்னத்தைக் கிழிச்சிருக்கப் போறாங்க?

— அப்படிச் சொல்லாதீங்க. ஒரு விஷயம் நடந்துச்சு. நம்ம வக்கீலு இருக்காரே...

— செயலாளர் விஷயமெல்லாம் அப்புறம் பேசலாம். மணி அஞ்சரை ஆச்சு. எனக்கு வேலை இருக்கு.

— சரி சார். அட, இங்க பாருங்க! பிரிண்டர் பேரைச் சரியாத்தான் ஏத்தியிருக்கீங்க, வயரு நுழையற வாசல்தான் தப்பு. இது இன்னும் பழைய வாசலைத் தேடிப்போய்த் தட்டிக்கிட்டு நிக்குது. புது மெஷின்ல அந்த வாசலே கிடையாது. மாத்தி விட்டுடறேன்.

— மாத்த வேண்டாம்! மாத்தற இடத்தை மட்டும் காட்டுங்க, நான் சாவகாசமா...

— மாத்தியாச்சு.

— ஐயையோ, என்னங்க இது? யாரும் தொடாமலேயே கத்துது!

— கவலையை விடுங்க அக்கா. உள்ள பதினோரு வேலை வரிசையில நின்னுக்கிட்டு இருந்திருக்கு. வாசல் தெரிஞ்சதும் கிளம்பிடுச்சு.

— நிறுத்துங்க! மெக்கானிக், அதை நிறுத்துங்க!

— கையை எடுங்க சார், பாதியில இழுத்தா தாள் சிக்கிக்கும். ஆஹா, எழுத்து எவ்வளவு பளிச்சுன்னு வருது பாருங்க! "பொருள்: மேல்மாடி அறையில் விடியற்காலையில் எழுப்பப்படும் ஓசை குறித்து."

— அது ஒரு மாதிரிப் படிவம். சும்மா, சோதனைக்காக.

— "மேற்படி நபர் மரம் அறுப்பதையும் இரும்பு துளைப்பதையும் ஒரு நோயாகவே வளர்த்துக்கொண்டுள்ளார்."

— அண்ணே, டீ ஆறுது.

— இருங்க அக்கா, நல்லா எழுதியிருக்காரு. "எவர் வீட்டில் எப்பொருள் பழுதானாலும் அதில் தாமே சென்று தலையிடும் இயல்புடையவர்."

— அதை எழுதினது காலையில. நீங்க வயரோட வர்றதுக்கு முன்னாடி.

— அதனால என்ன சார்? உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க! ஒரே ஒரு இடத்துலதான் தப்பு. பெறுநர்னு வக்கீலைப் போட்டிருக்கீங்க. அவரு நேத்துக் கூட்டத்துலயே பதவியை விட்டுட்டாரு.

— விட்டுட்டாரா? ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷந்தானே இருக்கு! இப்போ இதை நான் யாருகிட்டக் கொண்டுபோய்ச் சேர்க்கறது?

— அதான் புதுச் செயலாளர் என் கைக்கே வந்து சேர்ந்துடுச்சே சார், நேரத்துக்குள்ள, அதுவும் பதினோரு காப்பி. நாளைக்குக் கமிட்டியில நானே ஒரு எழுத்து விடாமப் படிச்சுடறேன். வாங்கிக்கிட்டதுக்கு ரசீது கேப்பீங்க, கையால எழுதிக் குடுத்தா செல்லாது. கொஞ்சம் நகருங்க, இதுலயே ஒண்ணு அடிச்சுத் தர்றேன்.