மூன்றாவது வரி

"ஹலோ… சொல்லுங்க மாமா… ஆமா, லேபிள் நேத்து சாயங்காலம்தான் மாத்தினேன். வார்த்தை பாதியில உடையுது, அசிங்கமா இருக்குன்னு நீங்கதானே நச்சரிச்சீங்க?"

ஆபீஸ் வேலையே தலைக்கு மேல் கிடக்க, தாய்மாமனின் மருந்துக்கடைக்கு லேபிள் அடிக்கும் ப்ரோகிராமையும் எழுதிக் கொடுத்தது அவள் செய்த பாவம். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"இப்ப உடையாது மாமா. இடம் பத்தலேன்னா முழு வார்த்தையும் அடுத்த வரிக்குப் போயிடும். பைத்தான்ல ஒரே வரி வேலை… பாம்பு இல்ல மாமா, கம்ப்யூட்டர் மொழி… சரி, என்னதான் அடிச்சிருக்கு, படிங்க… 'வெறும் வயிற்றில்'… ம்… 'இந்த மாத்திரையைச்'… ம்… அப்புறம்?… அப்புறம் ஒண்ணுமே இல்லையா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த லேபிளில் இரண்டு வரிக்குத்தான் இடம். 'சாப்பிடக்கூடாது' என்ற நீளமான வார்த்தை, கொஞ்சமும் உடையாமல் மூன்றாவது வரிக்குப் போய்க் காகிதத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. கடைசியில் தொங்குவது ஒரு ச். படிக்கிறவர்கள் 'சாப்பிடவும்' என்றுதான் தாங்களாக முடித்துக்கொள்வார்கள்.

"மாமா, வாங்கிட்டுப் போனவங்களுக்கெல்லாம் உடனே போன் போடுங்க… மிஷின் மேல பழி போட வேணாம், தப்பு என்னுது… போட்டாச்சா? எல்லாருக்குமா?… யாரு, மாத்திரை வாங்கின தையல்காரரா?… அவர் வந்து கேட்டதாலதான் தெரிஞ்சுதா? அப்பாடா."

நாற்காலியில் சாய்ந்தாள். மாமா விடுவதாக இல்லை. எல்லா லேபிளையும் திரும்ப அடிக்க வேண்டும், இனிமேல் கையாலேயே எழுதிவிடலாம் என்று புலம்பிக்கொண்டே போனார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி மாமா… சரி சரி… மத்தியானம் மாத்திடறேன்… ம்… பில் போட்ட எல்லாருக்கும் சொல்லிட்டீங்க, அது போதும்… என்னது, பில் போடாம யாருக்குக் குடுத்தீங்க?… அத்தைக்கா?"

எழுந்து நின்றுவிட்டாள். அத்தைக்கு ஏற்கெனவே வயிற்றுப்புண். மருந்து லேபிளில் போட்டிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்கிற மனுஷி.

"மாமா, நிதானமா சொல்லுங்க. காலையில நீங்க கிளம்பறப்ப அத்தை டிபன் சாப்பிட்டாங்களா?… பாக்கலையா… அப்புறம் போன் பண்ணினீங்களா?… சரி, பண்ணினீங்க. என்ன சொன்னாங்க?… 'சாப்பிட்டாச்சு'ன்னாங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எதை மாமா?… டிபனையா, மாத்திரையையா?… மாமா?… எதைன்னு நீங்க கேக்கலையா?… ஹலோ… ஹலோ…"

மாமா துண்டித்திருந்தார்.