சோதனைக்கு ஒரு பெயர்

— “எனக்குத்தான் பிள்ளை குட்டி இல்ல, என் பேரை யாருக்காவது வைப்பியா?”ன்னு சித்தி ஒருநாள் என்கிட்ட கேட்டாங்க. கடைசியில இதுக்குத்தான் வெச்சேன் அண்ணே.

— எதுக்கு? புரியற மாதிரி சொல்லும்மா. சாயங்காலம் இந்த வேலையை ஒப்படைக்கணும்.

— காலையில நம்ம சர்வர்ல, தூரத்து சர்வரை இங்கிருந்தே பாக்க வைக்கற அந்தப் பிளக்இன்னை ஏத்தினேன். முதல்ல முரண்டு பிடிச்சுது, அப்புறம் ஏத்துக்கிச்சு. மலை மேல இருக்கற முதியோர் இல்லத்துக்குத்தானே இந்த வேலை, அவங்க பட்டியலைப் பாக்க இங்க ஒரு அட்டவணை திறந்தேன். வேலை செய்யுதான்னு தெரிய சும்மா ஒரு வரி போடணும் இல்ல? கைக்கு வந்த பேரு சித்தியோடது.

— போட்டே, வேலை செஞ்சுது, அழிச்சுடு. இதுக்கு எதுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு?

— அது நகல் இல்லண்ணே. நம்ம மெஷின்ல தலைப்பும் கட்டமும்தான், உள்ள வெறும் கூடு. கேட்டா அங்க போய் எடுத்துட்டு வந்து காட்டும். எழுதினா அங்கயே எழுதிடும். பயிற்சி சர்வர்னு நீங்க குடுத்த முகவரி, நிஜ இல்லத்தோடது.

— அட கடவுளே. சரி விடும்மா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. யாரும் வராத ஒரு ஆளுக்கு ஒரு கட்டில் காத்திருக்கும், அவ்வளவுதானே.

— காத்திருக்கலை. சாப்பிட்டு வந்து பாத்தேன். நான் காலியா விட்ட இடத்துல கட்டில் நம்பர் போட்டிருந்தாங்க. பக்கத்துல குறிப்பு: “வந்து சேர்ந்தார். இடது காது கேட்கவில்லை. வலப்பக்கம் நின்று பேசவும்.”

— யாரோ ஒரு அம்மா வந்திருப்பாங்க, பேரு இருக்குன்னு சேத்துக்கிட்டிருப்பாங்க. காது கேக்காத கிழவிக்கா ஊர்ல பஞ்சம்?

— சித்திக்கும் இடது காதுதான். அதை நான் எழுதவே இல்ல.

— ஒரு போன் போட்டுக் கேட்டுட வேண்டியதுதானே.

— போட்டேன். பேரைச் சொன்னதும் நர்ஸ், “ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்க, இருங்க கூப்பிடறேன்”னாங்க. அப்புறம் செருப்பைத் தேச்சுத் தேச்சு ஒருத்தர் நடந்து வர்ற சத்தம். “காலைத் தூக்கி வை சித்தி, தரைக்கு வலிக்குது”ன்னு கேலி பண்ணுவேனே, அதே நடை.

— அப்புறம்?

— வெச்சுட்டேன்.

— உங்க சித்தி தவறி எவ்வளவு நாளாச்சு?

— போன மழைக்கு. பக்கத்துல நின்னு மண்ணு போட்டவ நான்.

— எம்மா, நான் சொல்றதைக் கேளு. செத்தவங்க பேரு பட்டியல்ல இருந்தா என் தலைதான் உருளும். ஒரே ஒரு கட்டளை, தட்டி விட்டுடு.

— இங்க அழிச்சா அங்கயும் போயிடுவாங்க அண்ணே.

— போகட்டும்னுதானே சொல்றேன்.

— ஒரு தடவை அனுப்பி வெச்சேன். இன்னொரு தடவை என் கையால முடியாது.

— உன் கை வேணாம். நகரு, பாவம் என்னோட போகட்டும். எந்த வரி, இதானே?

— வேணாம் அண்ணே.

— பேசாம இரு. வேற யாரையாவது அழிச்சுடப் போறேன், கடைசியா ஒரு தடவை வரவழைச்சுப் பாத்துக்கறேன். கண்ணாடி எங்க... ம். எம்மா, குறிப்பு மாறியிருக்கு. இப்பத்தான் யாரோ அங்க எழுதியிருக்காங்க. “போன் வந்ததிலிருந்து பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டிப் போக மகள் கிளம்பிவிட்டாள் என்கிறார்.” மகளா? பிள்ளை குட்டி இல்லன்னியே. யாரும்மா கிளம்பினது? ...எம்மா? கதவைத் திறந்து போட்டுட்டு எங்க போறே, ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போயேன்... சரி, போ. நான் இதைத் தொடலை.