எது பழசு, எது புதுசு

…காது ரெண்டு இருந்துட்டா ஆச்சா சார், கேக்கத் தெரிய வேணாமா? அதத்தான் நான் சொல்றேன். தலைய ஆட்டாதீங்க, ஃபிரேம் கனம், மூக்குல வழுக்கிட்டு வந்துரும். வலது கண்ண மூடியிருக்கேன். இடது கண்ணால மட்டும் பாருங்க, மேலருந்து நாலாவது வரி. ம்… ம்… ஆங். அஞ்சாவது? பரவால்ல விடுங்க, அத மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்கதான் தப்பில்லாம படிப்பாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், காது. மூணு வாரமா இந்தக் கடைக்குப் பின்னாடி ரூம்ல ஒருத்தர் கூட வந்து உக்காரல சார். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம, மத்தியானம் மூணு மணிக்கு அஞ்சு பேர் கூடுவோம். சீட்டாட இல்ல, முகத்த அப்படி வச்சுக்காதீங்க. இசை கேக்க. பாட்டு இல்ல. பாட்ட யாரு வேணா கேப்பாங்க, பல் தேய்க்கும்போது கூட கேப்பாங்க. படத்துல ஆள் நடக்கும்போது, கதவத் திறக்கும்போது, அழுறதுக்கு முன்னாடி, ஒரு இசை வருமே, அது. பின்னணி இசை. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. கவனிக்கலன்னாதான் அது நல்லாருக்குன்னு அர்த்தம்னு ஒரு கட்சி இருக்கு. அந்தக் கட்சிக்காரங்க எங்க கூட்டத்துல கிடையாது.

இடது கண்ணுக்கு இது நல்லாருக்கா… இல்ல, இது நல்லாருக்கா? முதல்லதா? சரி.

படத்தப் போட மாட்டோம் சார். இசை மட்டும்தான். படம் ஓடுச்சுன்னா கண்ணு முந்திக்கும், காது பின்னாடி வரிசைல நிக்கும். கண்ணாடிக்கடை வச்சிருக்கறவன் கண்ணப் பத்தி இப்படிப் பேசலாமான்னு கேப்பீங்க. தொழில் வேற, நியாயம் வேற. ஒரு தடவ போடுவேன், முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா கருத்து சொல்லணும். அங்கதான் சார் வம்பே.

யார் யாருன்னு சொல்லிடறேன். ஒண்ணு, டீச்சரம்மா. கணக்கு டீச்சர், ரிட்டையர் ஆயிட்டாங்க, ஆனா குரல் இன்னும் ரிட்டையர் ஆகல. ரெண்டு, என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். பகல் பூரா அந்தக் குழிக்குள்ள நின்னு கம்பிச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு, தனக்குப் பாம்புக்காதுன்னு நெனப்பு. பாம்புக்குக் காதே கிடையாதுன்னு நான் எத்தன தடவ சொல்லிட்டேன். மூணு, பேக்கரிக்காரர். விடியக்காலம் அடுப்பு மூட்டுறவரு, பாவம், இசை ஆரம்பிச்ச முதல் நிமிஷமே கண்ண மூடுவாரு. ரசிக்கிறாருன்னு ஒரு வருஷம் நெனச்சோம். நாலு, வயலின். ஆளோட பேரே அதுதான்னு ஆயிருச்சு. வாசிக்க வராது, தொட்டது கூட இல்ல. எதப் போட்டாலும் "வயலின் கம்மியா இருக்கு"ன்னுவாரு. தனியா ஒருத்தர் தவில் மட்டும் வாசிச்சத ஒரு தடவ போட்டேன். "வயலின் கம்மி"ன்னாரு. மறுக்க முடியல.

அஞ்சாவது நான்.

மணி என்ன சார் அது, நாலு பத்தா? நல்லது. அஞ்சு மணிக்கு டீச்சரம்மாவும் மச்சானும் வர்றாங்க. கேக்க வரல. ஆளுக்கொரு சிடி வாங்கிட்டுப் போக வர்றாங்க. வாங்கிட்டாங்கன்னா டீச்சரம்மா அவங்க வீட்டுல ஒரு கூட்டம், மச்சான் அவன் வீட்டுல ஒரு கூட்டம்னு தனித்தனியா நடத்தப் போறாங்க. அப்புறம் என் பின்ரூமுக்கு எதுக்கு வரப் போறாங்க? வீட்டுல வேற, மூணு வாரமா எங்கிட்ட 'ம்' தவிர வேற எழுத்து வரல. தம்பிய அவமானப்படுத்த இடம் கொடுத்தேனாம். நானா திட்டினேன்? டீச்சரம்மா என் ரூம்ல வச்சுத் திட்டினாங்க, அவ்வளவுதான்.

வலது கண்ணத் திறக்கறேன். இடது மூடியாச்சு. படிங்க. ஆங்… இந்தக் கண்ணு ராஜா. அதுல என்ன சந்தேகம்.

அவமானம் எதுலன்னா, ஒரு பழைய ரயில் படம் சார். பேரு வேணாம், சொன்னா நீங்களும் ஒரு கட்சில சேந்துருவீங்க. கடைசில அப்பன்காரன் பிளாட்பாரத்துல தனியா நிக்கிறப்ப மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் ஒரு இசை. பதினோரு பேர் ஒரு சின்ன ஹால்ல உக்காந்து வாசிச்சது. என்கிட்ட அதோட மூலப் பதிவு ஒரு சிடில இருக்கு, வேற யார்கிட்டயும் இல்ல. அத இப்ப அறுபது பேர வச்சு, பெரிய ஹால்ல, புதுசாத் திரும்ப வாசிச்சு சிடி போட்டாங்கன்னு சேதி வந்துச்சு. நான் வரவழைக்கிறேன்னு சொல்லிட்டேன். சொன்னேனா, எல்லாரும் ஒரு மாசமா அதே பேச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். முதல்ல பழசு. அப்புறம் புதுசு. முடிஞ்சுது. டீச்சரம்மாதான் ஆரம்பிச்சாங்க. "முதல்லதுல மூச்சு இருக்கு. ரெண்டாவது, கண்ணாடிப் பெட்டில வச்ச பூ. அழகு இருக்கு, வாசன எங்க?"ன்னாங்க. மச்சான் எந்திரிச்சே நின்னுட்டான். "என்ன டீச்சர் பேசுறீங்க, ரெண்டாவதுதான் இசை. பனி விலகின மாதிரி இருக்கு. அறுபது பேரும் தனித்தனியாக் கேக்கறாங்க. இடது பக்கம் மூணாவது ஆள் மூச்சிழுக்கறது கூட எனக்குக் கேட்டுச்சு"ன்னான். வயலின், "ரெண்டாவதுல வயலினக் கொறச்சுட்டாங்க, இது அநியாயம்"னு டீச்சரம்மா பக்கம் போயிட்டாரு. பேக்கரிக்காரர எழுப்பிக் கேட்டோம். "நடுவுல முழிச்சப்ப எனக்கு ரெண்டாவதுதான் கேட்டுச்சு"ன்னாரு. அத மச்சான் தன் ஓட்டுல சேத்துக்கிட்டான்.

அதோட விட்டிருக்கலாம். "வயசானா மேல் சுருதி காதுல விழாது டீச்சர், அது ஒண்ணும் வெக்கப்பட வேண்டிய விஷயமில்ல"ன்னான் சார். அவங்கதான் அவனுக்கு எட்டாங்கிளாஸ்ல கணக்கு எடுத்தது. டீச்சரம்மா குடைய எடுத்துக்கிட்டு, நிதானமா, "பின்னமே புரியாத பையன், பின்னணி இசை புரிஞ்சிருமா? உக்காருடா"ன்னாங்க. அவனும் உக்காந்துட்டான் சார், பழக்க தோஷம். உக்காந்தப்புறம்தான் கோவம் வந்துச்சு. அதான் அவமானம். திட்டினதில்ல, உக்காந்தது.

இருங்க, இப்ப ரெண்டு கண்ணையும் திறந்து ஒரு லென்ஸ் மாத்தறேன். இது… இல்ல இது. எது தெளிவு? ரெண்டும் ஒண்ணுதானா? யோசிச்சு சொல்லுங்க. யோசிச்சும் ஒண்ணுதானா?

சார், கைய கொடுங்க. எட்டு வருஷம் கழிச்சு ஒரு நேர்மையான ஆளப் பாக்கறேன். ஒரே லென்ஸத்தான் ரெண்டு தடவ போட்டேன். எல்லாருக்கும் போடுவேன், சொல்றத நம்பலாமான்னு பாக்க. எடுத்து, துணியில தொடச்சு, அதையே திரும்ப மாட்டுவேன். நூத்துக்கு நூறு பேரும், "ஆஹா, இப்பத்தான் பளிச்னு இருக்கு"ன்னுவாங்க. பொய் இல்ல சார், அவங்களுக்கு நெசமாவே பளிச்னு இருக்கும். டாக்டர் ஒருத்தர் இருந்தாரு, அவருக்குப் பழைய லென்ஸ்ல தலவலியே வந்துருச்சு.

நீங்க யாரோ, நான் யாரோ. லாரி ஓட்டுறீங்க, லைசென்ஸுக்குக் கண் சர்ட்டிபிகேட் வேணும், வாங்கிட்டுப் போயிடுவீங்க. அதனால சொல்றேன். அன்னிக்கு நானும் அதத்தான் பண்ணேன்.

புது சிடி வரவே இல்ல சார். ஸ்டாக் தீந்துபோச்சுன்னு ஒரு வரி பதில் வந்துச்சு. அதச் சொல்லித் தொலச்சிருக்கலாம். ஆனா அதுக்கு முந்தின வாரம் நான் வாயத் திறந்து, "புல்லாங்குழல் ஒரு மயிரிழை சுருதி ஏறியிருக்கு"ன்னு சொன்னதுக்கு, மச்சான், "மாமா, நீங்க கண்ணப் பாருங்க, காத எங்ககிட்ட விட்ருங்க"ன்னான். நாலு பேரும் சிரிச்சாங்க. டீச்சரம்மா தொடையத் தட்டிச் சிரிச்சாங்க. மனுசன் எத்தன நாள் சார் பொறுத்துக்குவான்? ஆறு நாள் பொறுத்தேன். ஏழாவது நாள் பழச எடுத்துப் போட்டேன். முடிஞ்சதும் வெளிய எடுத்து, துணியில தொடச்சு, அதையே திரும்பப் போட்டேன். "இது புதுசு"ன்னேன்.

கருத்து சொல்லி முடிச்சதும் உண்மைய உடைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பின்னம், குடை, கதவு படார்னு ஆயிருச்சு. அன்னிக்கு ராத்திரி சொன்னா கோவிச்சுக்குவாங்கன்னு விட்டேன். ஒரு வாரம் ஆச்சு, இனிமே சொன்னா சிரிக்க மாட்டாங்கன்னு விட்டேன். மூணு வாரம் ஆச்சு. இப்ப சொன்னா மூணு வாரம் முட்டாளா இருந்தோம்னு ஆயிருமே சார் அவங்களுக்கு? அத யாராவது மன்னிப்பாங்களா? திருடன மன்னிப்பாங்க.

ஃபிரேமக் கழட்டிடறேன். சர்ட்டிபிகேட் எழுதித் தர்றேன், அவசரப்படாதீங்க. ஒரே ஒரு உதவி.

டீச்சரம்மா போன் பண்ணி, "எனக்குப் பழசு வேணும்"ன்னாங்க. அவன் போன் பண்ணி, "எனக்குப் புதுசு வேணும்"ன்னான். என்ன பண்ண? இருந்த ஒண்ண ரெண்டு சிடில எடுத்தேன். ஒண்ணுல பழசுன்னு சீட்டு ஒட்டினேன். ஒண்ணுல புதுசுன்னு ஒட்டினேன். காலைல வீட்டுக்காரி வந்து மேஜையத் தொடச்சா, ஈரத் துணியால. சீட்டு ரெண்டும் உரிஞ்சு தனியாக் கிடக்கு, சிடி ரெண்டும் தனியாக் கிடக்கு. "எது எதோட இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "ம்"ன்னா.

இப்ப எது பழசு, எது புதுசுன்னு எனக்குத் தெரியல சார். காலைலருந்து எட்டு தடவ மாத்தி மாத்திக் கேட்டுட்டேன். இடது கைல இருக்கறது பழசு மாதிரிதான் இருக்கு, அந்த மூச்சு இருக்கு. ஆனா சாப்பிட்டு வந்து கேட்டா வலது கைல இருக்கறதுல இருக்கு. மாத்திக் கொடுத்துட்டேன்னு வைங்க, டீச்சரம்மா முதல் சுருதிலயே கண்டுபிடிச்சுருவாங்க. நீங்க இன்ஜின் சத்தத்துல ஒரு போல்ட்டு லூஸானாத் தெரிஞ்சுக்கற ஆளு. இந்தாங்க, ஹெட்போன். காத நல்லா மூடிக்குங்க.

கேக்குதா? இது மெதுவாத்தான் தொடங்கும். இப்ப ஒரு தந்தி மட்டும்… நான் பேசல, நீங்க கேளுங்க. இப்ப புல்லாங்குழல் வரும். வந்துச்சா? ஒரு மயிரிழை ஏறியிருக்குல்ல? இல்லையா? சரி, நான் பேசல. இந்த இடத்துலதான் ரயில் போயிருக்கும், அப்பன்காரன் கைய இறக்க மறந்து நிப்பான்… படம் பாத்திருக்கீங்களா? சரி சரி.

ஆச்சு. இப்ப அடுத்தது. இத முழுசா மறந்துட்டுக் கேளுங்க… அது எப்படி முடியும்கறீங்களா? அதுவும் நியாயம்தான்.

ம். முடிஞ்சுது. சொல்லுங்க.

ஒண்ணுதானா?

ஒண்ணுன்னு எனக்குத் தெரியும் சார், நான்தான எடுத்தேன். கேள்வி அதில்ல. எது பழசு, எது புதுசுன்னு கேக்கறேன். ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் எப்படி… இருங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? சர்ட்டிபிகேட்டா? எழுதறேன். இந்தாங்க, கையெழுத்து, சீல். கண்ணு உங்களுக்குப் பழுதில்ல, தூரப் பார்வ அருமை. காத மட்டும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிருங்க, தப்பா நெனக்காதீங்க.

அய்யய்யோ, மணி அஞ்சாகப் போகுது. அதோ வந்தாச்சு பாருங்க, கண்ணாடிக் கதவு வழியா. பச்சக் குடை டீச்சரம்மா. அந்தப் பக்கம் டூல்பாக்ஸோட நிக்கிறான் பாருங்க, அவன்தான். ஒரே கடை வாசல்ல ரெண்டு பேரும் ரெண்டு ஊர் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. கிளம்பிட்டீங்களா? பாத்துப் போங்க, படி இருக்கு.

…சார், போறதுன்னா போங்க, அங்க ஏன் நிக்கிறீங்க? வழி கேக்கறாரு போல. டீச்சரம்மாகிட்டயா கேக்கணும், மேப் வரஞ்சு கொடுப்பாங்களே. இல்ல, இவர்தான் பேசறாரு. ஒரு மணி நேரம் வாயத் திறக்காத ஆளு, அங்க போயி என்ன பேச்சு? மச்சான் கிட்ட வர்றான். லாரிக்காரரு விரலக் காட்டறாரு.

ஒரு விரல்.

எதையோ எடுத்து, துணியில தொடச்சு, திரும்ப மாட்டற மாதிரி கையால காட்டறாரு… அது லென்ஸு. என்னத்த சார் எல்லாத்தையும் சொல்றீங்க. போயிட்டாரு, திரும்பிக் கூடப் பாக்கல.

ரெண்டு பேரும் அப்படியே நிக்கிறாங்க. டீச்சரம்மா அவனப் பாக்கறாங்க, அவன் டீச்சரம்மாவப் பாக்கறான். மூணு வாரத்துல இப்பத்தான் பாத்துக்கறாங்க. ஏதோ சொல்றாங்க. அவன் தலையச் சொறியறான்… சிரிக்கிறானா? ஆமா, சிரிக்கிறான். அவங்களும் சிரிக்கிறாங்க, தோள்ல ஒரு அடி போடறாங்க. அடடா. இது… இது நல்லாருக்கே.

இப்ப ரெண்டு பேரும் கடையப் பாக்கறாங்க. இப்ப சிரிக்கல.

டீச்சரம்மா குடைய மடக்கறாங்க. டூல்பாக்ஸக் கூட அவன் கீழ வைக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் வர்றாங்க, ஒண்ணாப் படியேறி வர்றாங்க. பின்ரூமத் திறந்து ரெண்டு நாற்காலி எடுத்துப் போடணும். எனக்கு வேணாம். நான் நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்.