கூடத்துக் குழி

“கூடத்துல குழி இருக்குற வீட்டுக்கு லோன் கிடையாதாம்.”

வேலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரணியில் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்கப் பார்க்கிறார்களாம்.

“அது தறிக்குழின்னு சொன்னீங்களா?”

“சொன்னேனே. பேங்க் மேனேஜரே நேர்ல வந்தாரு. குழியில காலைத் தொங்கப் போட்டு உக்காந்துகூட பாத்தாரு. மூடிட்டு வாங்க, தரேன்னுட்டாரு.”

“மூடிட்டா நெசவுக்காரங்க யார் குடி வருவாங்க? குழி இருக்குன்னுதானே அந்த வீட்டையே புடிச்சோம்?”

“அதான் பேஜாரா இருக்குது. ஃபைனான்ஸ்காரர் நாளைக்கே தரேன்றாரு. அந்த வீட்டை வந்து பாக்கக்கூட இல்ல. நாம குடியிருக்கற வீட்டுப் பத்திரத்தைக் குடுத்தா போதுமாம்.”

கண்ணமங்கலம் தாண்டும்வரை அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உக்காந்து பாத்த மனுசன்கிட்டயே போவோம். அந்தக் குழியாலதான் வாடகை வரும்னு நானே எடுத்துச் சொல்றேன். வாங்கற வீட்டைப் பாக்காம கடன் குடுக்கறவன், நாம இருக்கற வீட்டைத்தாங்க பாத்துகினு இருக்கான்.”