ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

தலைமுடிதான் எப்போதும் பாடாய்ப் படுத்தும், மேடம். கை, கால், துணி மடிப்பு எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். ஒரு ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து வேறொரு வீடியோவில் வைக்கும்போது, காதோரம் பறக்கிற நாலு முடி காட்டிக்கொடுத்துவிடும்.

சின்ன விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்வது என் தொழில். வீட்டு மாடியில் ஒரு அறை, இரண்டு திரை, சுவர் முழுக்கப் பச்சைத் துணி. என்னிடம் வருகிற கடைக்காரர்களுக்கு நடிகையை அழைத்துவரக் கட்டுப்படியாகாது. அதனால் என் மனைவியே நின்றாள். பல் ஆஸ்பத்திரி, ஸ்வெட்டர் கடை, மூட்டுவலித் தைலம், எல்லாவற்றுக்கும் அவள்தான் சிரித்தாள். பின்னணி நீக்கிய அவள் படங்கள் என்னிடம் எத்தனை இருக்கின்றன என்று எனக்கே கணக்கில்லை. அவள் போன பிறகு அவை கைகொடுத்தன.

மாமியார் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். ஒரே மகள். அவளுக்குத் திடீரென்று வெளிநாட்டில் வேலை கிடைத்தது, சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கிளம்பிவிட்டாள் என்று நான்தான் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். பெற்றவளிடம் சொல்லாமல் போவாளா என்று இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, அவ பேசக்கூட வேணாம். மொகத்த மட்டும் ஒரு தடவ காட்டச் சொல்லுங்க."

ஒரு தாயை அந்த நிலையில் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கும் இரக்கம் உண்டு.

பனி பெய்யும் தெரு ஒன்றின் வீடியோவை இணையத்திலிருந்து எடுத்தேன். ஸ்வெட்டர் விளம்பரத்தில் அவள் கையசைத்ததைப் பின்னணியில்லாத படங்களாக அதில் இறக்கினேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தின் ஓரம் முழுக்க ஆளும் இல்லை, முழுக்க வெறுமையும் இல்லை. பாதி ஊடுருவித் தெரியும். அந்த ஓரத்தில் எந்த நிறம் கலந்திருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் ஆளைச் சுற்றி மெல்லிய கோடு விழும். அந்த விளம்பரத்துக்காக அவளை வெள்ளையோடு கலந்து வைத்திருந்தேன்; அவசரத்தில் கறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இவளைச் சுற்றி வெள்ளையாக என்னவோ தெரிகிறதே என்றார். பனி வெளிச்சம் அத்தை என்றேன். நம்பினார். விரலால் திரையில் மகளின் கன்னத்தைத் தடவினார். பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏமாற்றியதற்காக மட்டும் இல்லை. அரைகுறை வேலையைக் கொடுத்துவிட்டேனே என்றும்தான்.

அடுத்த வீடியோவில் நிறத்தைச் சரியாகக் குறித்தேன். கோடு போன இடம் தெரியவில்லை. முடிகூட ஒவ்வொன்றாக நின்றது. தைல விளம்பரத்தில் அவள் "இப்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அந்தக் குரலையும் உதட்டசைவையும் சேர்த்தேன். மாமியார் அதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். மறுபடி சாப்பிடத் தொடங்கினார். பெண்டாட்டி பக்கத்தில் இல்லாமல் நான் இளைத்துவிட்டேன் என்று எனக்கும் சமைத்துக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டேன். உறுத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். கையலம்பும்போதெல்லாம் உறுத்தியது.

ஒருநாள் மாலை வந்தவர் உட்காரவில்லை.

"மாப்ள, அந்தத் தெருவுல போற எல்லார் வாயிலயும் புகை வருது. இவ பேசுறா, இவ வாயில மட்டும் ஒண்ணும் வரலையே."

குளிரில் மூச்சு ஆவியாகத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேமராவில் சரியாக விழவில்லை என்று ஏதோ சமாளித்தேன். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். நான் கறுப்புத் துணிக்கு முன்னால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியைப் படம்பிடித்தேன். அதைப் பிரித்தெடுத்து, அவள் உதடு அசையும் இடத்திலெல்லாம் பொருத்தினேன். அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. அனுப்பிவைத்தேன். மாமியார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

படிக்கட்டுக்கு அடியில் புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்தை உங்கள் ஆட்கள் உடைத்துப் பார்த்தாகிவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அவள், பச்சைத் துணிக்கு முன்னால் இனி நிற்க மாட்டேன், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

"உங்களுக்கு நான் எதுக்கு? என் படம் போதும்."

பெட்டியோடு படியிறங்கினாள். நான் தள்ளினேன். கீழே கிடந்து என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள். போன் என் கையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள். பிழைத்தால் போய்விடுவாள். மேல்படியில் உட்கார்ந்து, அவள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை. அவரிடம் நீங்களே ஒன்று சொல்லுங்கள், மேடம். அந்தக் கடைசி வீடியோவை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதில் அவள் நன்றாக மூச்சு விடுகிறாள்.